இந்தியானா 2024: புது கோச் வந்த முதல் சீசனிலேயே 3-9 அணி 11-2 ஆனது எப்படி?

நான்காம்_டவுன்:

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இந்தியானா 2025 சீசனை 16-0 (16 வெற்றி, 0 தோல்வி) என்று முடித்துத் தேசியப் பட்டம் வென்றதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. என் சந்தேகம் அதற்கு முந்தைய சீசனைப் பற்றியது.

2023-இல் அந்த அணி 3-9. நவம்பர் 26 அன்று டாம் ஆலனை நீக்கினார்கள். நான்கே நாளில், நவம்பர் 30 அன்று, ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி வந்தார். 2024 சீசனுக்கு முன் செய்தியாளர்களிடம் எடுத்த கணிப்பில் பிக் டென் கான்ஃபரன்ஸின் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) 18 அணிகளில் இந்தியானாவுக்குக் கிடைத்தது 17-ஆம் இடம். அதே அணி முதல் 10 ஆட்டங்களையும் வென்றது. ஒரே சீசனில் 10 வெற்றி என்பது அந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. 1945-இலும் 1967-இலும் 9 வரை போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்.

ஒன்று, "ஜேம்ஸ் மேடிசன் அணியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்" என்கிறார்கள். அது எவ்வளவு உண்மை? கொலராடோவில் டியான் சாண்டர்ஸும் 2023-இல் தன் பழைய அணியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தாரே. அங்கே 4-8 தானே வந்தது?

இரண்டு, அட்டவணை எளிது என்ற வாதம். அதை எண்ணிக்கையாகப் பார்க்க வழி உண்டா?

மூன்று, ஒஹையோ ஸ்டேட்டிடமும் நோட்டர் டேமிடமும் தோற்றபோது எது உடைந்தது?

போர்ட்டல்_கணக்கு:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நாள்காட்டியிலிருந்து தொடங்கினால் புரியும்.

புது கோச்சுக்கு அப்போது டிசம்பர் மாதம்தான் மிகக் கடினம். சிக்னெட்டி பொறுப்பேற்றது நவம்பர் 30. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) திறந்தது டிசம்பர் 4. பள்ளி மாணவர்கள் கையெழுத்திடும் முன்கூட்டிய நாட்கள் டிசம்பர் 20-இல் தொடக்கம். போர்ட்டல் ஜனவரி 2-இல் மூடியது. இந்த ஐந்து வாரத்துக்குள் உதவிப் பயிற்சியாளர்களைச் சேர்க்க வேண்டும், ஏற்கெனவே இருக்கும் வீரர்களில் யாரைத் தக்கவைப்பது என்று முடிவெடுக்க வேண்டும், வெளியிலிருந்து வருபவர்களின் வீடியோவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான புது கோச்சுகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வீடியோவில் நன்றாகத் தெரியும் ஒருவர் தங்கள் முறைக்குப் பொருந்துவாரா என்று சோதிக்க அவர்களுக்கு நேரமே இருப்பதில்லை.

சிக்னெட்டிக்கு அந்தச் சிக்கல் பாதிதான். ஆஃபென்ஸுக்கு (பந்தோடு ஆடும் பக்கம்) மைக் ஷானஹன், டிஃபென்ஸுக்கு (அதைத் தடுக்கும் பக்கம்) பிரையன்ட் ஹெய்ன்ஸ் என்று இரண்டு ஒருங்கிணைப்பாளர்களும் ஜேம்ஸ் மேடிசனிலிருந்தே கூட வந்தவர்கள். வீரர்களிலும் பத்துக்கு மேற்பட்டோர் அங்கிருந்தே வந்தார்கள். ஆனால் "அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்" என்பது தவறு. எந்தெந்த இடத்துக்கு ஆள் கொண்டுவந்தார் என்று பாருங்கள்.

டிஃபென்ஸில் ஓரத்தில் மிகைல் கமாரா, நடுவில் ஜேம்ஸ் கார்பென்டர், லைன்பேக்கர்களாக ஏடன் ஃபிஷரும் ஜெய்லின் வாக்கரும், கார்னரில் டி'ஏஞ்சலோ பாண்ட்ஸ். முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை மூன்றிலும் ஹெய்ன்ஸின் முறையை ஏற்கெனவே ஆடியவர்கள். 2023-இல் எதிரணியின் ஓட்டத்தைத் தடுப்பதில் ஜேம்ஸ் மேடிசன்தான் நாட்டிலேயே முதலிடம். வந்தவர்கள் அந்தத் தடுப்பின் முதுகெலும்பு.

ஆஃபென்ஸில் கதை வேறு. ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) எலைஜா சராட், ஓட்டக்காரர் டை சன் லாட்டன் இருவரும் ஜேம்ஸ் மேடிசன். குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கர்டிஸ் ரோர்க் ஒஹையோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆறாம் ஆண்டு வீரர். (ஒஹையோ ஸ்டேட் வேறு, இது வேறு.) கனடாக்காரர், 2022-இல் அவருடைய கான்ஃபரன்ஸின் சிறந்த ஆஃபென்ஸ் வீரர். ஜஸ்டிஸ் எலிசன் வேக் ஃபாரஸ்டிலிருந்து வந்தார். மைல்ஸ் பிரைஸ் டெக்ஸஸ் டெக்கிலிருந்து. ஆஃபென்ஸ் லைனில் (குவாட்டர்பேக்கைக் காக்கும் ஐவர் வரிசை) நடுவில் நின்ற மைக் காட்டிக்கும் இடது டாக்கிள் கார்ட்டர் ஸ்மித்தும் பழைய இந்தியானா வீரர்கள். ஆலன் காலத்து ஆட்களை மொத்தமாகத் துரத்திவிடவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பெரும்பாலும் ஏற்கெனவே நிறைய ஆடிய அனுபவமுள்ள வீரர்களைத்தான் அவர் தேடினார். "இவருக்கு வருங்காலம் இருக்கிறது" என்று சொல்லி இரண்டாம் ஆண்டு மாணவரை எடுப்பதைவிட, ஏற்கெனவே களத்தில் செய்துகாட்டியவரை எடுப்பது. கொரோனா காலத்தில் கொடுத்த கூடுதல் ஓர் ஆண்டுத் தகுதி இன்னும் பலருக்கு மீதமிருந்ததால் 2024-இல் அப்படிப்பட்டவர்கள் நிறையக் கிடைத்தார்கள்.

ட்ரெஞ்ச்_பார்வை:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஏன் அது பலித்தது என்பதை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கணும்.

ஹெய்ன்ஸ் ஆடுவது 4-2-5. முன்னால் நான்கு பேர், நடுவில் இரண்டு லைன்பேக்கர், பின்னால் ஐந்து பேர். இந்த அமைப்பைப் பாதி நாடே ஆடுது, அதில் ரகசியம் எதுவும் இல்லை. வித்தியாசம் முன்வரிசையின் அசைவில்தான். ஸ்டண்ட் என்பார்களே, உள்ளே நிற்பவர் வெளியே சுற்றிவர, வெளியே நிற்பவர் உள்ளே பாய்வார். பின்னால் இருக்கும் லைன்பேக்கர் காலியாகும் இடைவெளியை நிரப்பணும். மூன்று பேரும் ஒரே தாளத்தில் நகர்ந்தால் எதிரணி லைன்காரர்கள் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறுவார்கள். ஒருவர் ஒரே ஒரு அடி தாமதித்தாலும் ஒரு இடைவெளியில் இரண்டு பேர், இன்னொன்றில் யாருமில்லை. பந்தோடு வருபவர் அந்தக் காலி வழியாக 40 யார்டு போய்விடுவார்.

இதைப் பலகையில் வரைந்து கற்றுக்கொடுக்க முடியாது. திரும்பத் திரும்ப ஆடித்தான் வரும். வசந்த காலத்தில் விதிப்படி 15 பயிற்சிதான். ஆகஸ்டில் அதிகபட்சம் 25. சீசன் தொடங்கியபின் வாரத்துக்கு 20 மணி நேரம், வீடியோ பார்ப்பதும் கூட்டமும் அதற்குள்தான். ஒரு புது கோச் 40 பயிற்சிக்குள் மொத்த டிஃபென்ஸுக்கும் இந்தத் தாளத்தைக் கற்றுக்கொடுப்பது நடக்காத காரியம். அதனால்தான் முதல் வருடத்தில் பலரும் எளிய அழைப்புகளோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்தியானாவில் அந்த ஐந்து பேருக்கும் தாளம் ஏற்கெனவே தெரியும், மற்றவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். கமாரா அந்த சீசனில் 10 சாக் (பந்தை எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது). டாக்கிள் (பந்தோடு வருபவரை வீழ்த்துவது) எண்ணிக்கையில் அணியில் முதலிடம் ஃபிஷருக்கு.

இன்னொன்று. ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துக் கோச் பேசும் முறை கல்லூரி ஆட்டத்தில் 2024-இல்தான் வந்தது. களத்தில் ஒரு பக்கத்துக்கு ஒருவருக்கு மட்டும்தான் அது கேட்கும். பிளே கிளாக்கில் (அடுத்த முயற்சியைத் தொடங்கக் கெடு வைக்கும் கடிகாரம்) 15 வினாடி மீதமிருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அதற்குப்பின் எதிரணி அமைப்பை மாற்றினால் களத்தில் இருப்பவர்தான் முடிவெடுக்கணும். ஒருங்கிணைப்பாளர் என்ன நினைப்பார் என்று இரண்டு மூன்று வருடமாகத் தெரிந்த லைன்பேக்கர் நடுவில் நிற்பதும், மூன்று மாதம் முன்பு வந்தவர் நிற்பதும் ஒன்றல்ல.

கொலராடோ பற்றிக் கேட்டீங்க. டியான் கொண்டுவந்தவர்களில் மகன் ஷெடூர் சாண்டர்ஸ், டிராவிஸ் ஹண்டர் இருவரும் உண்மையிலேயே உயர்ந்த திறமை. டிசியூ அணியை 45-42 என்று வென்று 3-0 என்று தொடங்கினாங்க. ஆனால் திறமை முழுக்க வெளிப்புறத்தில் இருந்தது, லைனில் இல்லை. ஷெடூர் ஆடிய 11 ஆட்டத்தில் 52 முறை சாக் ஆனார். ஐந்து லைன்காரர்களும் சேர்ந்து ஆடிப் பழகாவிட்டால் ஸ்டண்ட் வரும்போது ஒருவர் இன்னொருவரிடம் ஆளைக் கைமாற்றிவிடுவதில் பிசகும். அதில் நிறைய சாக் நடக்கும்.

அட்டவணை_ஆய்வு:

இரண்டாம் கேள்விக்கு ஸ்கோர்களை வைத்தே கணக்குப் போடலாம். சிறப்பு மென்பொருள் எதுவும் வேண்டாம். இந்தியானா எடுத்த புள்ளி முதலில்:

எஃப்ஐயூ 31-7, வெஸ்டர்ன் இல்லினாய் 77-3, யூசிஎல்ஏ 42-13, சார்லட் 52-14, மேரிலாந்து 42-28, நார்த்வெஸ்டர்ன் 41-24, நெப்ராஸ்கா 56-7, வாஷிங்டன் 31-17, மிஷிகன் ஸ்டேட் 47-10, மிஷிகன் 20-15, ஒஹையோ ஸ்டேட் 15-38, பர்டூ 66-0, பிளேஆஃபில் (தேசியப் பட்டத்துக்கான நாக்அவுட் சுற்று) நோட்டர் டேம் 17-27.

மொத்தம் 537 எடுத்து 203 கொடுத்திருக்கிறார்கள். 13 ஆட்டத்துக்குச் சராசரி 41.3-க்கு 15.6. வெஸ்டர்ன் இல்லினாய் கீழ்ப்பிரிவு அணி, அதை முதலில் நீக்கிவிட வேண்டும். அப்போது 38.3-க்கு 16.7. பிக் டென் ஆட்டங்கள் ஒன்பதை மட்டும் எடுத்தால் 360-க்கு 152, அதாவது 40.0-க்கு 16.9. கான்ஃபரன்ஸுக்குள்ளும் சராசரி சரியவில்லை என்பதைக் கவனியுங்கள். பலவீனமான அணிகளை மட்டும் அடித்து எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ளும் அணிக்கு இந்த மூன்றாவது கணக்கில் நன்றாகவே குறையும்.

இனி மறுபக்கம். ஒஹையோ ஸ்டேட், நோட்டர் டேம் இரண்டையும் சேர்த்தால் ஆட்டத்துக்கு 16 எடுத்து 32.5 கொடுத்திருக்கிறார்கள். அந்த 16-கூட உள்ளதை மிகைப்படுத்துகிறது. நோட்டர் டேம் ஆட்டம் 27-3 என்று இருந்தபோது, கடைசி ஒன்றரை நிமிடத்தில் வந்தவை இந்தியானாவின் இரண்டு டச்டவுன்களும் (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது).

அட்டவணை எளிது என்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆரிகன், பென் ஸ்டேட், இல்லினாய், அயோவா எதுவும் 2024-இல் இந்தியானாவின் அட்டவணையில் வரவில்லை. மிஷிகனும் வாஷிங்டனும் முந்தைய சீசனின் தேசிய இறுதி ஆட்டத்தில் மோதிய அணிகள் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அதை ஏற்க முடியாது. இரண்டிலும் கோச்சும் குவாட்டர்பேக்கும் போய்விட்டிருந்தார்கள், பெயர் மட்டுமே பழையது. ஆனால் தோற்ற இரண்டும் யாரிடம்? அந்த சீசனின் இறுதி ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட் 34-23 என்று நோட்டர் டேமை வென்றது. இந்தியானாவை வீழ்த்தியவை நாட்டின் முதல் இரண்டு அணிகள் மட்டுமே.

என் முடிவு: முதல் இரண்டு அணிகளுக்கும் இந்தியானாவுக்கும் இடைவெளி பெரியது. இந்தியானாவுக்கும் பிக் டென் நடுவரிசைக்கும் இடைவெளி அதைவிடப் பெரியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

நான்காம்_டவுன்:

கணக்கு தெளிவாக இருக்கிறது, நன்றி. எட்டு ஆட்டம் வரை இந்தியானா ஒரு நொடிகூடப் பின்தங்கவே இல்லை என்று படித்தேன். மிஷிகன் ஸ்டேட் ஆட்டத்தில்தான் முதல் முறையாக 0-10. பிறகு தொடர்ந்து 47 புள்ளி. அப்படிப்பட்ட அணி ஒஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் ஏன் அப்படி உறைந்துபோனது? ரோர்க்கின் காயம் காரணமா?

ஸ்பெஷல்_டீம்ஸ்:

காயம் ஒரு பகுதி. அவருக்கு அந்த சீசனில் இரண்டு காயம். அக்டோபர் 19 நெப்ராஸ்கா ஆட்டத்தில் பந்தெறியும் கையின் கட்டைவிரல். வாஷிங்டன் ஆட்டத்தில் அவர் இல்லை, டேவன் ஜாக்சன் ஆடினார். மிஷிகன் ஸ்டேட்டுக்குத் திரும்பி 4 டச்டவுன் எறிந்தார். இன்னொன்று சீசன் முடிந்தபின்தான் வெளியே தெரிந்தது: முழங்கால் ஏசிஎல் தசைநார் கிழிந்த நிலையிலேயே சீசன் முழுக்க ஆடியிருக்கிறார். அதோடு 29 டச்டவுனுக்கு 5 இண்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) மட்டும். மிகப் பெரிய உழைப்பு அது, நிச்சயம் மதிக்க வேண்டும்.

கொலம்பஸ் ஆட்டத்தை வரிசையாகப் பாருங்கள். முதல் டச்டவுன் இந்தியானாவுடையது, 7-0. நீண்ட, நிதானமான டிரைவ். முதல் பாதியின் கடைசியில் பன்ட் உதைக்க (பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுக்க) வந்தபோது பன்டர் தனக்குப் பின்னால் எறியப்பட்ட பந்தைப் பிடிக்கத் தவறினார். ஒஹையோ ஸ்டேட்டுக்குக் கோல் கோட்டின் வாசலிலேயே பந்து கிடைத்தது, இடைவேளைக்கு 14-7. மூன்றாம் கால்பகுதியின் தொடக்கத்தில் கேலப் டவுன்ஸ் பன்ட்டைப் பிடித்து 79 யார்டு ஓடி டச்டவுன், 21-7. இரண்டே பன்ட்டில் 14 புள்ளி.

பன்ட் திரும்பி வராமல் இருக்க இரண்டு விஷயம் பொருந்த வேண்டும். பந்து காற்றில் இருக்கும் நேரமும் தூரமும். 45 யார்டு உதைத்தால் ஓடுகிறவர்கள் அங்கே சேர நாலரை வினாடி வேண்டும். பந்து 4 வினாடியில் இறங்கினால் பிடிப்பவருக்கு நான்கைந்து யார்டு வெற்றிடம் கிடைக்கும். நடுவில் இறங்கினால் இரண்டு பக்கமும் ஓட வழி உண்டு, பக்கக் கோட்டை ஒட்டி இறங்கினால் ஒரு பக்கம்தான். டவுன்ஸ் போன்ற ஒருவருக்குக் களத்தின் நடுவே பிடிக்க விட்டால் தண்டனை உறுதி. புது கோச்சின் முதல் வருடத்தில் ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும் நேரங்களில் களமிறங்கும் குழு) பலவீனமாக இருப்பதற்குக் காரணமும் எளிது. அங்கே ஓடுபவர்கள் மாற்று வீரர்கள். போர்ட்டலில் முதல் பதினொருவரைத்தான் தேடி எடுக்கிறார்கள், 40-ஆவது இடத்தில் இருப்பவரை யாரும் தேடுவதில்லை.

14-7 ஆனபின் மற்றதெல்லாம் தொடர் விளைவு. இந்தியானாவின் ஆஃபென்ஸ் ஓட்டமும் பாஸும் கலந்த ஆர்பிஓ. லைன்காரர்கள் ஓட்டத்துக்குத் தடுப்பார்கள், குவாட்டர்பேக் ஒரு லைன்பேக்கரைப் பார்த்துக் கொடுப்பதா எறிவதா என்று முடிவெடுப்பார். முன்னணியில் இருக்கும்போது இது அருமையாக ஓடும். பின்தங்கி, மூன்றாவது டவுனில் (10 யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 9 யார்டு வேண்டும் என்றால் எதிரணிக்கு ஓட்டத்தைப் பற்றிக் கவலையே இல்லை. பிறகு அது வெறும் பாஸ். ஒஹையோ ஸ்டேட் நான்கு பேரை மட்டும் அனுப்பியே அழுத்தம் கொடுத்தது, ஏழு பேர் பின்னால் காத்துக்கொண்டார்கள். மேலே ஒரு லட்சம் பேரின் கூச்சல், வாயால் எண்ண முடியாமல் சைலன்ட் கவுன்ட். சென்டரின் தலையசைவை எதிரணி ஓரவீரரும் பார்க்கிறாரே, அவர் உங்கள் டாக்கிள் அளவுக்கே சீக்கிரம் கிளம்பிவிடுவார். முடிவு: 5 சாக். ரோர்க் 18-இல் 8 பாஸ், 68 யார்டு. மொத்த ஆஃபென்ஸ் 151 யார்டு.

நோட்டர் டேமிலும் அதே வரிசைதான், நிகழ்ச்சி மட்டும் வேறு. கோல் கோட்டுக்கு அருகே போய் இண்டர்செப்ஷன், அடுத்த முயற்சியிலேயே நோட்டர் டேமின் ஜெரமையா லவ் 98 யார்டு ஓட்டம். பின்தங்கினார்கள், பாஸை நம்ப வேண்டியதாயிற்று, லைன் தாங்கவில்லை. நான்காம் கால்பகுதியில் 17 புள்ளி பின்னால் இருந்தபோது பந்தைப் பன்ட் செய்து கொடுத்ததுதான் எனக்கு இன்னும் ஏற்க முடியாத முடிவு. அந்த நேரத்தில் மூன்று முறை புள்ளி எடுத்தாக வேண்டும், ஒரு வாய்ப்பைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

ட்ரெஞ்ச்_பார்வை:

இதை 2025 தயாரிப்போடு இணைத்துப் பார்த்தால் அந்த இரண்டு தோல்வியையும் சிக்னெட்டி எப்படிப் படித்தார் என்று தெரியும். குவாட்டர்பேக் இடத்துக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா வந்தார், அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது சென்டர் பாட் கூகன். அவர் வந்தது நோட்டர் டேமிலிருந்து. டிசம்பர் 20 இரவு இந்தியானாவை அடித்த அதே லைனின் நடுவில் நின்றவர். எங்கே உடைந்ததோ அங்கே, உடைத்த அணியிலிருந்தே ஆள்.

புது_ரசிகன்:

நடுவில் ஒரு கேள்வி. வேறு கல்லூரியில் புது கோச் வந்தால் ஆகஸ்டிலேயே அவருடைய முதல் சீசன் எப்படிப் போகும் என்று கணிக்க எதைப் பார்க்க வேண்டும்?

போர்ட்டல்_கணக்கு:

உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நான் பார்க்கும் முறை இது. முதலில் இரண்டு ஒருங்கிணைப்பாளர்களும் அவரோடு இதற்குமுன் எத்தனை வருடம் வேலை செய்தவர்கள் என்று பாருங்கள். இருவரும் புதியவர்கள் என்றால் அந்த அணியில் மூன்று பேரின் மொழி ஒரே நேரத்தில் கற்கப்படுகிறது, தாமதம் நிச்சயம்.

அடுத்து குவாட்டர்பேக். அவர் இந்த ஒருங்கிணைப்பாளரின் முறையை ஏற்கெனவே ஆடியவரா, அல்லது வேறு இடத்தில் குறைந்தது இரண்டு சீசன் முதல் ஆளாக ஆடியவரா? 2022-இல் வாஷிங்டன் 4-8-இலிருந்து 11-2 ஆனதற்கு இதுவே பெரிய காரணம். கேலன் டிபோர் அங்கே புது கோச். குவாட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் இந்தியானாவிலிருந்து மாறி வந்தவர், 2019-இல் அதே டிபோர்தான் இந்தியானாவில் அவருடைய ஆஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர்.

பிறகு ஆஃபென்ஸ் லைன். ஐந்து பேரில் எத்தனை பேர் போன சீசனில் அடுத்தடுத்த இடத்தில் சேர்ந்து ஆடியவர்கள் என்று எண்ணுங்கள். இரண்டு ஜோடியாவது இருந்தால் செப்டம்பரைத் தாண்டலாம். ஐவரும் ஐந்து கல்லூரியிலிருந்து வந்திருந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அக்டோபர் வரை சாக் எண்ணிக்கை உயரும்.

கடைசியாக, ஓய்வு வாரம் எங்கே விழுகிறது என்று அட்டவணையில் பாருங்கள். இந்தியானாவுக்கு 2024-இல் இரண்டு ஓய்வு வாரம், நார்த்வெஸ்டர்னுக்குப் பின் ஒன்று, மிஷிகனுக்குப் பின் ஒன்று. முதல் வருட அணியில் மாற்று வீரர்களின் தரம் குறைவு, அதனால் சிறு காயங்களோடு ஆடும் முதல் வரிசைக்கு அந்த இரண்டு வாரமும் பெரிய உதவி. ஓய்வு இரண்டும் செப்டம்பரிலேயே முடிந்துவிடும் அட்டவணை என்றால், கணித்த வெற்றிகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்வேன்.

அட்டவணை_ஆய்வு:

இதோடு ஒன்று சேர்க்கலாம். முதல் மூன்று ஆட்டத்தின் ஸ்கோரை வைத்து முடிவெடுக்காதீர்கள், மூன்றாம் கால்பகுதியை மட்டும் தனியாக எழுதி வையுங்கள். முதல் கால்பகுதியில் ஆடுபவை வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தவை. இடைவேளையில் எதிரணி மாற்றுவதற்குப் பதில் மாற்றத் தெரிந்த குழுவா என்பது மூன்றாம் கால்பகுதியில்தான் தெரியும். மிஷிகனுக்கு எதிராக இந்தியானா இடைவேளையில் 17-3 என்று முன்னணியில் இருந்து 20-15 என்று தப்பியது. கொலம்பஸில் நடக்கப்போவதன் முதல் அறிகுறி அந்த இரண்டாம் பாதியிலேயே இருந்தது. அப்போது 10-0 கொண்டாட்டத்தில் அது பலர் கண்ணில் படவில்லை.